கேட்டமரானுக்கு மூன்று அர்த்தம்

எங்கள் ஹெட்கிளார்க் எனக்கு எழுதிய துண்டுச் சீட்டுகளில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய ரசீது ஒன்றின் பின்பக்கத்தில், சிவப்பு மையில், ஆங்கிலத்தில் எழுதியது. 'டைப்பிஸ்ட் கவனத்துக்கு: ஜன்னல் மறுபடியும் திறந்திருக்கிறது.' கீழே கையெழுத்து, தேதி, மணி பத்து நாற்பது. அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஆறடி இருந்தால் அதிகம். எழுதி, மடித்து, மணியடித்துப் பியூன் சேட்டனைக் கூப்பிட்டு, அவர் கீழே கிடங்கிலிருந்து மாடிப்படி ஏறி வந்து அதை வாங்கி என்னிடம் கொடுக்க வேண்டும். நான் படித்துவிட்டு, 'காற்று வேண்டும்' என்று அடியில் எழுதி அவர் கையிலேயே திருப்பி அனுப்புவேன். இப்படிப் பதினோரு மாதம் நாங்கள் ஒருவரோடொருவர் பேசாமல் வேலை பார்த்தோம். பியூன் சேட்டன் ஒருநாள் இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஈ படி கேறி எனிக்கு முட்டு வேதனையாணு" என்று முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

கம்பெனி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், காயலை ஒட்டி இருந்தது. கீழே மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்கு, மேலே மரத்தளம் போட்ட ஆபீஸ். வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்த கம்பெனி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கடைசித் துரை ஒருவர் மிச்சமிருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவரும் கப்பலேறிப் போய்விட்டார். என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். நான் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தேன்; தமிழை வீட்டில் வந்த வாரப் பத்திரிகைகளில் படித்துக்கொண்டேன். ஹெட்கிளார்க் பாலக்காட்டுத் தமிழர். ஆபீசில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அவர் யாரோடுதான் சண்டை போடவில்லை? எறணாகுளம் போகிற போட் இரண்டு நிமிஷம் முன்னால் புறப்பட்டுவிட்டது என்பதற்காக, அடுத்த போட்டில் ஏறாமல் ஜெட்டியிலேயே நின்று, முதல் போட் அக்கரை போய்த் திரும்பி வரும்வரை காத்திருந்து, அதை ஓட்டிய ஸ்ராங்கோடு சண்டை போட்டவர். இடது கிருதா வலது கிருதாவைவிட ஒரு நூல் ஏறிவிட்டது என்று முடிவெட்டுகிறவரோடு தகராறு வந்து, அப்படியே ஒரு வாரம் ஆபீசுக்கு வந்தார். வேறு கடையில் போய்ச் சரி செய்துகொண்டால் முதல் கடைக்காரன் செய்ததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். குரலை உயர்த்த மாட்டார். கெட்ட வார்த்தை ஒன்றுகூடத் தெரியாது. "ஒரு சம்சயம்" என்று, ஏதோ சந்தேகம் கேட்கிறவர் போல மெல்லத்தான் தொடங்குவார். அவர் வாயிலிருந்து அந்த இரண்டு வார்த்தை வந்துவிட்டால், காஷியர் டிராயரை மூடிக்கொண்டு சாயா குடிக்கக் கிளம்பிவிடுவார்.

எங்கள் சண்டை காயல் பக்கத்து ஜன்னலால் வந்தது. திறந்தால் அவருடைய தாள்கள் பறக்கும். மூடினால் சுக்கின் நெடியில் எனக்கு மூச்சு முட்டும். தாளுக்கு மேல் கல் வைக்கலாம், மூக்குக்கு மேல் எதை வைப்பது என்று நான் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு நின்றது பேச்சு.

அவர் ஓய்வு பெற இரண்டு வாரம் இருக்கும்போது இங்கிலாந்திலிருந்து துரையின் கடிதம் வந்தது. மெல்லிய நீலநிற விமானக் கடிதம். மானேஜர் அதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். உடம்பு சரியில்லை என்றும், பிரிவுபசாரத்துக்குத் தன்னால் ஒரு கடிதம்தான் அனுப்ப முடியும் என்றும் துரை எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: 'அந்த ஓல்டு கேட்டமரானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் இல்லாத ஆபீசை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மிகவும் அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.'

கேட்டமரான் என்றால் என்னவென்று மானேஜருக்குத் தெரியவில்லை. ஹெட்கிளார்க்தான் எழுந்து நின்றார். நாலு பேர் பார்க்க அவர் முகம் சிவந்து நான் கண்டது அன்றுதான்.

"கட்டுமரம்னாக்கும் அது. நம்ம தமிழ் வார்த்தை. துரை என்னைக் கட்டுமரம்னு எழுதியிருக்கார்" என்றார். காஷியரின் மேசையில் ஒரு சின்ன இங்கிலீஷ் அகராதி இருந்தது. அதை வரவழைத்துப் பார்த்தார்கள். மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை, தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று போட்டிருந்தது. ஹெட்கிளார்க் அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை அடையாளம் வைத்து அகராதியைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. "கப்பல் ஓட்டை விழுந்தா முங்கும். வள்ளம் வெள்ளம் கேறினா முங்கும். கட்டுமரம் முங்கவே முங்காது. ஏன்னா அதுக்கு உள்ளேன்னு ஒண்ணு இல்லை. முப்பத்தஞ்சு வருஷம் இந்தக் கம்பெனி என் மேல மிதந்ததுன்னு துரை பறயறார்" என்று கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் வரை போய்ச் சொன்னார். பிரிவுபசாரத்துக்குச் சுவர்க்கடிகாரம் வாங்குவதாக இருந்தது. அது வேண்டாம், மரத்தில் ஒரு சின்னக் கட்டுமரம் செய்து கொடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். கொச்சியில் சீனவலை உண்டு, வள்ளம் உண்டு; கட்டுமரத்தை எங்கள் ஆசாரி கண்ணால் கண்டதில்லை. முதலில் ஒரு வள்ளம் செய்து கொண்டுவந்தார். அடுத்த முறை நாலு கட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தார். அது அடுப்புக்கு விறகு போல இருந்தது. ஹெட்கிளார்க் ஆசாரியிடம், "ஒரு சம்சயம்" என்றார். மூன்றாவது முறை ஒருவாறு சரியாக வந்தது.

பிரிவுபசாரத்தில் துரையின் கடிதத்தைத் தானே வாசித்து, அந்த வார்த்தையை விளக்கி ஒரு பிரசங்கம் செய்யப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எனக்கு மட்டும் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. மிகவும் அமைதியாக இருக்கும் என்று துரை ஏன் எழுத வேண்டும்? கட்டுமரம் போய்விட்டால் ஆபீஸ் முங்கும் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? துரை நேராகப் பாராட்டுகிற ஜாதியும் இல்லை. நான் அவருக்கு நாலு வருஷம் கடிதம் அடித்தவள்.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை. வீட்டுக்குப் போகாமல் போர்ட் கொச்சி பஸ்ஸில் ஏறி, அங்கே ஒரு பழைய நூலகத்துக்குப் போனேன். பல பாகங்களாக ஒரு பெரிய இங்கிலீஷ் அகராதி அங்கே உண்டு. நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்திய அம்மாள், எடுத்த இடத்தில் திரும்ப வைக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பாகத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்து போட்டார். கேட்டமரான் என்ற சொல்லுக்கு அங்கே மூன்று அர்த்தம் இருந்தது.

முதலாவது நாங்கள் பார்த்ததுதான். சோழமண்டலக் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்கள் போகிற மிதவை. இரண்டாவது எனக்குப் புதியது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த ஒரு போரில், எதிரிக் கப்பல்கள் நிற்கிற துறைமுகத்துக்குள் வெடிமருந்து நிரப்பிய மிதவைகளை வெள்ளைக்காரர்கள் மிதக்கவிட்டார்களாம். அவற்றுக்கும் கேட்டமரான் என்றே பெயர் வைத்தார்கள். நான் படிப்பதை எட்டிப் பார்த்த நூலகத்து அம்மாள், அவை வெடித்த சத்தம்தான் பெரிது, எதிரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். அவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. மூன்றாவது அர்த்தம் ஒரே வரி. சண்டைக்காரி, எடுத்ததற்கெல்லாம் வம்புக்கு நிற்கிறவள், முக்கியமாகப் பெண்களைச் சொல்வது. வழக்கொழிந்த வசவு.

மிதவை எப்படிச் சண்டைக்காரி ஆனது என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார். சொல்லின் தொடக்கத்தில் பூனையைக் குறிக்கிற இங்கிலீஷ் வார்த்தை கேட்கிறது அல்லவா, சீறிப் பிறாண்டுகிற ஒரு கிழட்டுப் பூனையாக அதைக் கப்பல்காரர்கள் நினைத்திருக்கலாம். இல்லாவிட்டால் அந்த வெடிக்கிற மிதவையிலிருந்து வந்திருக்கலாம் என்றார். நான் சிரித்தேன். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு முடியவில்லை. இங்கே சத்தம் போடக் கூடாது என்று அந்த அம்மாள் சொல்லும்படி ஆகிவிட்டது.

நம் கடற்கரையில் யாரோ மீனவர் கட்டிய சொல். கப்பலேறிப் போய், வெடிமருந்தை நிரப்பிக்கொண்டு, பொம்பிளையாக மாறி, மட்டாஞ்சேரியில் ஒரு தமிழர் தலையிலேயே வந்து இறங்கியிருக்கிறது. இப்போது மட்டாஞ்சேரி ஜெட்டிக்குச் சத்தமில்லாமல் மின்சாரப் படகு வருகிறது. போன மாதம் அதில் போனபோது பணியாளன் ஒருவன், "சேச்சி, இது கேட்டமரான் டைப், ஆடாது" என்று எனக்குத் தைரியம் சொன்னான். நான் ஏன் சிரித்தேன் என்று அவனுக்குப் புரிந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் அனுபவித்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. மூன்று அர்த்தத்தையும் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். திங்கள்கிழமை அவர் மேடையேறி, துரை என்னைக் கேட்டமரான் என்றார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்போது, மற்ற கம்பெனிகளிலிருந்து வந்திருக்கிற பழைய ஆட்களில் யாராவது ஒருவருக்கு அந்த வசவு தெரிந்திருக்கும். ஒருவர் பக்கத்தில் இருப்பவர் காதில் சொன்னால் போதும். நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. பதினோரு மாதச் சீட்டுகளுக்கும் சேர்த்துப் பதில் ஆகிவிடும். ராத்திரிச் சாப்பாட்டின்போது என் கணவர், "என்ன, தனியாகச் சிரிக்கிறாய்" என்றுகூடக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த ஃபைல் ஞாபகத்துக்கு வந்தது. நான் சேர்ந்த புதிதில் ஆபீசில் பெண்கள் மூன்று பேர் இருந்தோம். எங்களுக்கென்று கழிப்பறை கிடையாது. ரோட்டைக் கடந்து எதிர்ச் சந்தில் ஒரு வீட்டுக்காரியைக் கெஞ்சிக்கொண்டு போக வேண்டும். அந்த அம்மாள் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டால் அன்றைக்கு நாங்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். ஒரு வருஷம் கழித்துப் பின்கட்டில் திடீரென்று ஒரு கழிப்பறை கட்டினார்கள். கம்பெனிக்குப் புத்தி வந்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பல வருஷம் கழித்து, பழைய ஃபைல்களை அடுக்கும்போது, கட்டட ரிப்பேர் என்று எழுதிய ஒன்றைப் பிரித்தேன். ஹெட்கிளார்க் துரைக்குக் கைப்பட எழுதிய குறிப்புகளின் நகல்கள். இருபதுக்கு மேல் இருக்கும். என்னிடம் அடிக்கக் கொடுத்தால் நான் கூச்சப்படுவேன் என்று கையாலேயே எழுதியிருக்கிறார். துரை முதலில் இடமில்லை என்கிறார். பிறகு பணமில்லை என்கிறார். இனியும் எழுதினால் ஆலுவா கிடங்குக்கு மாற்றிவிடுவேன் என்கிறார். அதற்கும் ஒரு பதில் இருக்கிறது: ஆலுவா கிடங்கிலும் பெண்கள் வேலை பார்க்கிறார்கள், அங்கும் கழிப்பறை இல்லை என்று கேள்வி, மாற்றினால் அதையும் கவனிக்க வசதியாக இருக்கும். அதற்கடுத்த தாளில் துரை 'சரி' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார்.

துணியை அப்படியே ஊறவைத்துவிட்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். கோவில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது வீடு. நான் அங்கே போனதே இல்லை. அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"வாங்கோ. டைப்பிஸ்ட் நீங்கதானே? உங்களைப் பத்தி தினமும் பறயுவார்."

"சண்டைக்காரின்னு சொல்லியிருப்பார்" என்றேன்.

"இல்லையே. ஆபீஸ்ல சரியா இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரே ஆள்னு பறயுவார். அதுவும் எப்பவாவது. ஆத்துல வாயே திறக்க மாட்டார். சாம்பார்ல உப்பு மறந்தாலும் சாப்ட்டு எழுந்துடுவார்."

ஹெட்கிளார்க் உள்ளே பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கை ஒரு துண்டுச் சீட்டைத் தேடியது. நான் என் தாளை நீட்டினேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை வாசித்தார்.

"காரியா?" என்றார். பதினோரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"முக்கியமாகப் பெண்களைச் சொல்றதுன்னு போட்டிருக்கு, சார்."

"ஒரு சம்சயம். சண்டைக்காரன்னு எழுதியிருந்தா எனிக்கு மனசிலாகும். அது உள்ள விஷயமாக்கும். காரின்னு எப்படி எழுதுவார்?"

"அது நூறு வருஷத்துக்கு முந்தின வழக்கு. துரை விளையாட்டா எழுதியிருப்பார்."

"துரை முதல் அர்த்தத்திலயாக்கும் எழுதினது."

"அப்படின்னா ஆபீஸ் அமைதியா இருக்கும்னு ஏன் எழுதணும்?"

"அமைதியா இருக்கும்னா வேலை நன்னா நடக்கும்னு அர்த்தம்."

"சார் இருக்கும்போது வேலை நன்னா நடக்கலைன்னு அர்த்தமா?"

பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் ஆனது. அது எந்தப் பதிப்பு, அகராதி எழுதினவனுக்குத் தமிழ் தெரியுமா, கட்டுமரத்தைக் கண்ணால் கண்டிருக்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "நம்ம வார்த்தையை எடுத்துண்டு போயிட்டு, நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம அர்த்தத்தை மாத்தறது எந்த நியாயம்?" என்றார். அகராதிக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். எனக்கு ஜன்னல் சண்டைகூட இவ்வளவு ருசிக்கவில்லை. அவர் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் கரண்டி. அந்த வீட்டில் அவர் இத்தனை பேசி அந்த அம்மாள் கேட்டதில்லை போலிருக்கிறது. இரண்டு முறை காப்பி கொடுத்தார்.

நான் எழுந்தபோது ஹெட்கிளார்க் வாசல் வரை வந்தார்.

"எதுக்கு வந்து பறஞ்சேள்? நாளைக்கு நாலு பேர் முன்னால நான் நாணம் கெட்டா உங்களுக்கு சந்தோஷம்தானே."

"ஆமாம் சார். நேத்து சாயங்காலம் பூரா சந்தோஷமாத்தான் இருந்தேன்."

"அப்பறம்?"

"ஒரு பழைய ஃபைல் ஞாபகம் வந்தது. கட்டட ரிப்பேர்."

அவர் சந்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அதுல தேதி வரிசை தப்பா அடுக்கியிருக்கு. நீங்க அடுக்கினதுதானே" என்றார்.

மறுநாள் கூட்டத்தில் அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. கடிதத்தை விட்டுவிடுவார் என்றே நினைத்தேன். மாலை போட்டார்கள், ஆசாரியின் கட்டுமரத்தைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதை மேசையில் வைத்தார். நீலக் கடிதத்தைப் பிரித்துக் கடைசி வரி வரை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பிறகு மலையாளத்தில் சொன்னார்: இந்த வார்த்தைக்கு மூன்று அர்த்தம் உண்டு, முதலாவது இதோ மேசையில் இருக்கிறது. இரண்டாவது, பெரிய சத்தத்தோடு வெடித்து யாருக்கும் ஒன்றும் ஆகாத மிதவை. காஷியர் சிரித்தார். மூன்றாவது, சண்டைக்காரி. எல்லோரும் மானேஜர் முகத்தைப் பார்த்தார்கள். பின்வரிசையில் பியூன் சேட்டன்தான் முதலில் சிரித்தார். அடக்கி அடக்கி, இருமல் போல. அதற்குப் பிறகு அந்த மரத்தளமே ஆடியது. ஹெட்கிளார்க் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, "சிரிச்சோளூ" என்று அனுமதி கொடுத்துவிட்டு, சண்டைக்காரன் என்பதை ஒப்புக்கொள்வதாகவும், பெண்பாலுக்கு மட்டும் ஆட்சேபம் தெரிவித்துத் துரைக்கு எழுதப்போவதாகவும் சொன்னார். மூன்றாவது அர்த்தத்தைத் தேடித் தந்தது டைப்பிஸ்ட் என்று சொல்லி என் பக்கம் கையைக் காட்டினார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

எழுதத்தான் செய்தார். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருநாள் ஆபீசுக்கு வந்து, தன் கடிதங்களை என்னிடம் அடிக்கக் கொடுப்பார். துரைக்கு அடித்த கடிதத்தில், கீழ்க்கண்ட மூன்று அர்த்தங்களில் தாங்கள் கருதியது எது என்று கேட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தது. பதில் வர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. உறையில் இருந்தது துரையின் கையெழுத்து இல்லை. அவர் மனைவி எழுதியிருந்தார். நான்தான் அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஹெட்கிளார்க் வாசிக்கச் சொன்னார்; கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துரை இறந்துவிட்டார். அவருடைய கடிதம் இங்கே வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே. அந்த அம்மாள் எழுதியிருந்தது ஏறக்குறைய இப்படி: 'என் கணவர் கருதியது மூன்றாவது அர்த்தம்தான், சந்தேகமே வேண்டாம். இந்தப் பெயரை அவர் இரண்டு பேருக்குத்தான் வைத்திருந்தார். கொச்சியில் நீங்கள், வீட்டில் நான். ஆஸ்பத்திரியில் நான் நர்சுகளோடு சண்டை போட்டபோது, கண்ணை மூடியபடியே அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார். இனி அந்தப் பெயர் சொல்லி என்னைக் கூப்பிட ஆளில்லை. நாங்கள் கொச்சியை விட்டுக் கிளம்பிய அன்று கொட்டுகிற மழையில் என் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டே சாமான் ஏற்றுகிறவர்களோடு நீங்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது.'

ஹெட்கிளார்க் எழுந்து கிணற்றடிக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தவரின் முகம் ஈரமாக இருந்தது. உட்கார்ந்து, பதில் எழுத வேண்டும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். துரையைப் பற்றி நாலு வரி சொன்னார். நான் அவருக்காக அடித்த கடிதங்களிலேயே யாரோடும் சண்டை இல்லாத கடிதம் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவர் தொண்டையைக் கனைத்தார்.

"அடியில ஒண்ணு சேத்துக்கோங்கோ. அன்னிக்கு மழை இல்லை. குடை பிடிச்சது வெயிலுக்காக்கும்."

அந்த அம்மாளிடமிருந்து இந்த முறை இரண்டே வாரத்தில் பதில் வந்தது. மழை பெய்தது, அன்று நனைந்து கெட்டுப்போன தொப்பி இன்னும் தன்னிடம் இருக்கிறது. அதற்கு இவர், அன்றைக்குக் கிடங்கு முற்றத்தில் மிளகு காயப் போட்டிருந்தது, மழையில் யாராவது மிளகு காயப்போடுவார்களா என்று எழுதினார். துறைமுகத்துக்குக் கிளம்பும்போது மிளகை அவசர அவசரமாக அள்ளியதைத் தன் கண்ணால் பார்த்ததாக அந்த அம்மாள் எழுதினார். "கெட்டுப்போன தொப்பியை ஒரு மனுஷி இத்தனை வருஷம் வச்சிருப்பாளா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அதையும் அடிக்கச் சொன்னார். இப்படி ஐந்து வருஷம் போனது. நடுநடுவே அவருடைய சர்க்கரை வியாதி, அந்த அம்மாளின் முழங்கால், இங்கே பிறந்த பேரன், அங்கே பட்டுப்போன ஆப்பிள் மரம் எல்லாம் வந்து போகும். கடைசி வரி மட்டும் மாறாது. இவருடைய கடிதம் மழை இல்லை என்று முடியும். அந்த அம்மாளுடையது மழை பெய்தது என்று முடியும். விமானத் தபால் ஒருநாள் தாமதித்தாலும் எங்கள் தபால்காரரிடம் இவர் சம்சயம் கேட்கத் தொடங்கிவிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். துரையின் மனைவிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அவர் மனைவி என்னிடம்தான் சொன்னார். எழுதினேன். பதில் வந்தது. ஆறுதல் சொல்லிவிட்டு, கீழே எனக்கென்று தனியாக நாலு வரி எழுதியிருந்தார். 'அன்று துறைமுகத்தில் நீங்களும் இருந்தீர்கள் என்று அவர் ஒருமுறை எழுதியிருந்தார். அவரிடம் நான் இதைக் கேட்டிருக்க முடியாது. உங்களிடம் கேட்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள். அன்று மழை பெய்ததா, இல்லையா?'

நான் அன்று இருந்தேன். நல்ல மழை. காற்றோடு சாய்ந்து அடித்த மழை. ஆபீஸ் முழுவதும் வரிசையாக நின்று நனைந்தோம். என் சேலைக் கரையின் சாயம் காலில் ஓடியது. ஹெட்கிளார்க் குடையை அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டு, தான் தொப்பலாக நனைந்துகொண்டே சுமை ஏற்றுகிறவரிடம், "ஒரு சம்சயம்" என்று சொன்னதுகூட என் காதில் விழுந்தது. ஐந்து வருஷமும் அவர் சொன்னதை அடித்தேனே தவிர, இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மெஷினில் தாளைச் செருகினேன். நலம் விசாரித்து இரண்டு வரி அடித்தேன். அடுத்த வரியில், 'அன்று மழை பெய்யவில்லை, மேடம்' என்று அடித்து, கையெழுத்துப் போட்டு, நானே போய்த் தபாலில் சேர்த்தேன்.